ஸ்லாட் அக்காவும் ஒரு துண்டு கிளேயும்

ஸ்லாட் அக்காவை நல்லவள் என்று சொல்லித் தொடங்கினால் அது பொய்யாகிவிடும். கெட்டவள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல் பொது ஆய்வகத்தில் எக்ஸ்ரே மெஷினை ஓட்டுகிறவள் அவள். யாருக்கு எந்த நாளில் எத்தனை மணிக்கு மெஷின் கிடைக்கும் என்று தீர்மானிப்பதும் அவளே. அந்த நேரத்துக்கு ஸ்லாட் என்று பெயர், அவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

ஸ்லாட்டுக்காகப் பேராசிரியர்கள்கூட அவளிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்க வைப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது, அதை மறைக்கவும் மாட்டாள். ஒரு முறை ஒரு மாணவன் கண்ணாடித் தட்டு ஒன்றை உடைத்துவிட்டான். காசு பெறாத தட்டு. "வீட்ல இப்படித்தான் ஒவ்வொண்ணா உடைச்சிட்டுத் திரிவியா? பொதுச் சொத்துன்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா?" என்று எல்லார் முன்னாலும் அவனை உலுக்கி எடுத்தாள். அவன் ஆராய்ச்சியையே வேறு பக்கம் மாற்றிக்கொண்டான் என்று கேள்வி. அந்த வாசலில் அப்புறம் அவன் காலடி படவில்லை.

அந்த மெஷினின் வேலை சுலபமாகச் சொல்லக்கூடியதுதான். ஒரு சிட்டிகைப் பொடியையோ ஒரு பொட்டுக் கல்லையோ தட்டில் வைத்துக் கதவை மூடினால் எக்ஸ்ரே அதன்மேல் பட்டுச் சிதறும். எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறியது என்று திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு விழும். மேட்டுக்கு அங்கே பீக் என்று பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் பீக்குகள் நிற்கும் இடம் தனி. ஏற்கெனவே தெரிந்த பொருள்களின் பீக்குகளோடு ஒப்பிட்டால் தட்டில் இருப்பது இன்னதென்று தெரிந்துவிடும். எதோடும் ஒத்துப்போகவில்லை என்றால், ஒன்று புதுப்பொருளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையென்றால் எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறீர்கள். முதலாவதை நம்பத்தான் எல்லாருக்கும் பிடிக்கும்.

ஆய்வகத்தின் தலைவருக்குத் திறந்தவெளி சார் என்று மாணவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். "நம்ம லேப்ல கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது" என்று அவர் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் இருந்ததில்லை. அவருடைய சொந்த அறைக்கு மட்டும் இரண்டு பூட்டு. ஆனால் சொன்னதைச் செய்தும் காட்டினார். மெஷினில் எது ஓடினாலும் முடிந்த கையோடு அது தானாகவே இணையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், கீழே கருத்து எழுதலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓரத்தில் எண் ஓடும். ஏற்றியதை யாராலும் அழிக்க முடியாது. வெற்றுத் தட்டை ஓட்டினால் அதுவும் ஏறிவிடும்.

இன்னொரு சட்டமும் உண்டு. அவரவர் சாம்பிளை அவரவரே தட்டில் ஒட்ட வேண்டும், ஆபரேட்டர் தொடக்கூடாது. நாளைக்கு ஏதாவது தப்பு என்றால் யார் தலையில் கட்டுவது என்பதில் குழப்பம் வரக்கூடாது அல்லவா?

ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. மேல்மாடியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒல்லியான பெண் ஸ்லாட் அக்காவின் நாத்தனார், வீட்டுக்காரரின் ஒரே தங்கை. இருவரும் ஒரே வீட்டில் ஒரே குளியலறைக் கதவைத் தட்டிச் சண்டை போட்டுக் கிளம்புவார்கள், வேறு வேறு பஸ் பிடித்து வருவார்கள், தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் "குட்மார்னிங் மேடம்" என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த ஏற்பாடு நாத்தனாருடையது.

"அண்ணி, நாம சொந்தம்னு அங்க தெரியவே வேணாம். எனக்கு ஸ்லாட் கிடைச்சா அண்ணி தூக்கிக் குடுத்துட்டாங்கம்பாங்க. கிடைக்கலன்னா அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டைம்பாங்க. ரெண்டுமே வம்பு."

"அதுவும் சரிதான்" என்று ஸ்லாட் அக்கா சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆறு மாதம் 'மேடம்' கேட்ட பிறகு அந்தச் சிரிப்பு தேய்ந்துபோயிற்று.

வீட்டு நிலவரம் இப்படி: கணவர் நடத்திவந்த அச்சகம் மூடிவிட்டது. வேலை தேடுகிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதில் அவருக்குப் பொழுது சரியாக இருந்தது. வீட்டுக்குள் வரும் ஒரே சம்பளம் ஸ்லாட் அக்காவுடையது. ஆனால் மாமியாரின் பெருமையெல்லாம் மகள்மேல். பட்டம் வருவதற்கு முன்பே மகளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். யாராவது மருமகளைப் பற்றிக் கேட்டால் "அவளும் அங்கதான் இருக்கா, ஏதோ பட்டன் அமுக்கற வேலை" என்பார். மருமகள் அரைத்துக்கொண்டோ துவைத்துக்கொண்டோ அதைக் கேட்பாள். ஒரு வார்த்தை பதில் பேச மாட்டாள். பேசாததெல்லாம் உள்ளே போய்ப் பத்திரமாகச் சேர்ந்துகொண்டே இருந்தது.

சின்னச் சாம்பிளுக்கென்று ஆய்வகத்தில் ஒரே ஒரு சிலிக்கான் தட்டு இருந்தது. தன் பீக் எதையும் காட்டாது, மேலே இருப்பதை மட்டும் காட்டும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஒரு நாள் காலையில் கழுவும்போது ஸ்லாட் அக்காவின் கை நழுவி அது தொட்டியில் விழுந்து இரண்டாகிவிட்டது. யாரிடம் சொல்வது? கண்ணாடித் தட்டுக்கே ஒருவனை அந்தப் பாடு படுத்தியவள் இதைப் போய் எந்த வாயால் சொல்வாள்? துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையின் அடியில் போட்டுக்கொண்டாள்.

அன்றைய முதல் ஸ்லாட் நாத்தனாருக்கு. உலையில் மாதக்கணக்கில் வைத்து வாட்டி எடுத்த ஒரு பொட்டுக் கல்லைச் சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"மேடம், கைடு திடீர்னு என்னை கிளாஸ் எடுக்கச் சொல்லிட்டார். இதைக் கொஞ்சம்..." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, ப்ளீஸ். நீங்களே ஒட்டி ஓட்டிடுங்க. இந்த ஸ்லாட் போச்சுன்னா மறுபடி என்னைக்குக் கிடைக்குமோ."

"கிடைக்காதுன்னு உனக்கு யார் சொன்னா? நான்தானே குடுக்கிறவ" என்று முணுமுணுத்தாலும் ஸ்லாட் அக்கா குப்பியை வாங்கிக்கொண்டாள். காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் வருகிற 'அண்ணி' என்றாலும், காதில் விழுந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிலிக்கான் தட்டு கைப்பையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. சாதாரணக் கண்ணாடித் தட்டின் நடுவே, சுவரில் படம் ஒட்டுவதற்குக் கடையில் விற்கிற, களிமண் போன்ற கிளேயை ஒரு துண்டு கிள்ளி வைத்து அதன்மேல் கல்லைப் பதித்தாள். கல் சின்னது, கிளே பெரியது. கல்லைச் சுற்றிக் கிளே கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது. கிளேயில் சுண்ணாம்பு, மாக்கல் என்று ஏதேதோ கலந்திருக்கும், அதற்கும் பீக் உண்டு. சாதாரணமாக அந்தப் பீக் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் முதல் வருடப் பிள்ளைகூட அடையாளம் கண்டுவிடும். ஆனால் தட்டின் மட்டத்தைவிட உயரமாக நிற்கும் எதுவும் தன் இடத்தை விட்டுத் தள்ளித்தான் பீக் காட்டும். சுண்ணாம்பு சுண்ணாம்பாகத் தெரியாது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தட்டு உடைந்த பயத்தில் இதையெல்லாம் நினைக்க அவளுக்கு மனம் ஓடவில்லை.

மத்தியானத்துக்குள் மேல்மாடி அல்லோலகல்லோலப்பட்டது. யாரும் பார்த்திராத இடத்தில் ஒரு பீக், பக்கத்தில் துணைக்கு இன்னும் இரண்டு. தெரிந்த பொருள் எதோடும் ஒத்துப்போகவில்லை. கைடு தலைகால் புரியாமல் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். நாளைக்கே இன்னொரு முறை ஓட்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று கீழே சொல்லியனுப்பினார்.

ஸ்லாட் அக்காவுக்குச் சுருக்கென்றது. மெஷின் காலியான நேரம் பார்த்து, கல்லைப் பிடுங்கிவிட்டு வெறும் கிளேயை மட்டும் அதே தட்டில், அதே மேனிக்கு ஓட்டினாள். அதே பீக், அதே இடத்தில், துணைக்கு இருந்த இரண்டும் அப்படியே. வெற்றுத் தட்டு என்ற பெயரில் அது இணையத்தில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தாள். இனி அது அங்கேதான் இருக்கும்.

சொல்லிவிடத்தான் மாடி ஏறினாள். இதை அவள் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தட்டு உடைந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடலாம், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், புள்ளையோட படிப்பாச்சே என்று படிக்கட்டில் தனக்குத் தானே பேசிக்கொண்டே ஏறினாள்.

கைடின் அறையில் கூட்டம். எல்லார் கையிலும் டீ. நாத்தனாரின் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. கதவோரம் நின்றவளைக் கைடு பார்த்தார்.

"யாரும்மா அது?"

நாத்தனார் திரும்பினாள். "கீழ மெஷின் ஆபரேட்டர், சார். ஏதாவது கையெழுத்துக்கு வந்திருப்பாங்க."

"கையெழுத்தெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஏம்மா, கீழதானே போறீங்க? இந்தக் காலிக் கப்பெல்லாம் அப்படியே எடுத்துட்டுப் போய்ப் போட்டுடுங்களேன், காலு வைக்க இடமில்ல."

ஒருவரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. நாத்தனார் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஏற்பாட்டின்படி அவள் சரியாகத்தான் நடந்துகொண்டாள். ஓடிவந்து கப்புகளைப் பிடுங்கி 'நான் எடுத்துக்கறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏற்பாடு ஒன்றும் குடி முழுகியிருக்காது. அந்த ஒரு வார்த்தை வராததில்தான் அவளுடைய பட்டம் போயிற்று. போனது அவளுக்கு நெடுநாள் தெரியவில்லை. ஸ்லாட் அக்கா எச்சில் கப்புகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

மறுநாள் இரண்டாவது முறை ஓட்டச் சொன்னபோது நாத்தனார் வருவதற்குள் அதே கிளேயில் அதே கல்லைப் பதித்து ஓட்டினாள்.

"அப்படியே வருதா மேடம்?" என்று நாத்தனார் திரைக்குமுன் குனிந்து கேட்டாள்.

"அப்படியே வருது" என்றாள் ஸ்லாட் அக்கா. பொய் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஊர் மெச்சும்படி நடந்தது. கைடு கட்டுரையை அவசர அவசரமாக எழுதி முடித்தார். திறந்தவெளி சார் தன் பேச்சுகளிலெல்லாம் "நம்ம பொது மெஷின்ல பிறந்த புதுப்பொருள்" என்று அதைத் தூக்கிவைத்து ஆடினார். மாமியார் தெருவில் யாரையும் விடவில்லை. பால்காரரை நிறுத்தி வைத்துச் சொன்னார். உறவுக்காரர்கள் வந்து நாத்தனாரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தது யாரென்று கேட்கவும் வேண்டுமா?

ஒவ்வொரு நாளும் ஸ்லாட் அக்கா சொல்லியிருக்கலாம். குளியலறைக் கதவைத் தட்டும்போது, பஸ் நிறுத்தத்துக்குப் பிரியும்போது, துணி மடிக்கும்போது. நாத்தனார் ஆசை ஆசையாக, "அண்ணி, பட்டம் வாங்கற அன்னைக்கு எல்லார் முன்னாலயும் இவங்க என் அண்ணின்னு சொல்லப்போறேன். அப்ப யார் என்ன சொல்லிக்கிட்டா என்ன?" என்றாள் ஒரு முறை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "முதல்ல வாங்கு" என்றாள். மனசாட்சி குடைந்தால் அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: மறைத்தால்தானே குற்றம்? கிளேயை ஓட்டியது இணையத்தில் திறந்துதான் கிடக்கிறது. கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். திறந்தவெளி சாரின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அந்த மனுஷி கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து ஓரத்து எண்ணைப் பார்ப்பாள். பார்த்தவர் ஒருவர் என்று காட்டும். அந்த ஒருவர் அவள்தான். கைடு பார்க்கவில்லை, திறந்தவெளி சார் பார்க்கவில்லை, சொந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே கிடந்தும் நாத்தனாரும் பார்க்கவில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருப்பவர்கள் வெற்றுத் தட்டை எதற்குப் பார்க்கப் போகிறார்கள்?

பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, கடைசி வாய்மொழித் தேர்வுக்கு நாத்தனார் புதுச் சேலைக்குப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் ஓரத்து எண் இரண்டாயிற்று.

தூரத்தில் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் யாரோ ஓர் ஆய்வாளர், முன்பின் தெரியாதவர், இரண்டு கோடுகளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைந்து போட்டிருந்தார். கீழே மரியாதையாக ஒரு வரி: ஒருவேளை இது ஒட்டுவதற்குப் பயன்படுத்திய கிளேயாக இருக்குமோ, சிரமம் பார்க்காமல் சரிபார்க்க முடியுமா? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அன்று பகலுக்குள் எல்லார் போனிலும் அது இருந்தது. மாணவர்கள் புதுப்பொருளுக்குக் கிளேயியம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேண்டீனில் நாத்தனார் உட்கார்ந்த மேசையில், யாரோ ஒரு துண்டு கிளேயை உருட்டி வைத்து, அதில் டாக்டர் என்று எழுதிய சீட்டைக் குத்தியிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக் கொல்லையில், துணி காயும் கொடிக்குக் கீழே, நாத்தனார் அண்ணியைப் பிடித்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கிளேயிலயா அண்ணி ஒட்டினீங்க?"

"சிலிக்கான் தட்டு அன்னைக்கு... கையில கிடைக்கல. நீதான் அவசரம்னியே."

"அந்த வெறும் கிளேயை ஓட்டினது?"

"சும்மா மெஷின் சரியா இருக்கான்னு பார்த்தேன். எத்தனையோ ஓட்டறேன், எல்லாத்தையும் உட்கார்ந்து பார்த்துக்கிட்டா இருக்கேன்?"

"அப்போ உங்களுக்கு எப்ப தெரியும்?"

ஸ்லாட் அக்கா ஈரத் துணியை உதறினாள். "உனக்கு எப்ப தெரியுமோ அப்பத்தான்."

நாத்தனார் நம்பினாளா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாளா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். அப்புறம், "நாளைக்குக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. நீங்க ஒட்டினீங்கன்னு நான் சொன்னா உங்களை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. சொந்தம்ங்கறதும் வெளிய வரும். அண்ணனுக்கும் வேலை இல்ல. அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும். நான் ஒட்டினதாவே இருக்கட்டும் அண்ணி" என்றாள். சொல்லும்போதே அழுதாள். ஸ்லாட் அக்கா அவள் தோளில் கை வைத்தாள். வைத்த கை ஈரமாக இருந்ததால் உடனே எடுத்துக்கொண்டாள்.

விசாரணை திறந்தவெளி சாரின் அறையில் நடந்தது. இரண்டு பூட்டும் போட்ட கதவுக்குள். சார், கைடு, வெளியிலிருந்து வந்த ஒரு மூத்த பேராசிரியை. மேசைக்கு இந்தப் பக்கம் நாத்தனார், ஓரத்து நாற்காலியில் ஸ்லாட் அக்கா.

"சாம்பிளை ஒட்டினது யாரு?" என்று கேட்டார் சார்.

"நான்தான் சார்" என்றாள் நாத்தனார்.

"எங்க லேப்ல சிலிக்கான் தட்டு இருக்கு. அதை விட்டுட்டு எதுக்குக் கிளே?"

"அவசரத்துல பண்ணிட்டேன் சார். தப்புதான்."

சார் ஓரத்துக்குத் திரும்பினார். "ஏம்மா, இவங்கதான் ஒட்டினாங்களா?"

"ஆமா சார்."

ஆமா என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அதுதான் பேச்சு. அந்தப் பெண் தன் தலையை அறுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்ததே அந்த ஒரு ஆமாவுக்காகத்தான். ஆனால் காலிக் கப்புகளை எடுத்துப் போகச் சொன்ன கைடு எதிரிலேயே உட்கார்ந்து தன்னை முதல் முறையாக மனுஷியாக மதித்துப் பார்ப்பதை ஸ்லாட் அக்கா கவனித்துவிட்டாள். வாய் சும்மா இருக்கவில்லை.

"நான்கூட அப்பவே சொன்னேன் சார், சிலிக்கான் தட்டுல வையுங்கம்மான்னு. காதுலயே போட்டுக்கல. நாங்க ஆபரேட்டர்தானே, நாங்க சொன்னா யார் கேக்கறாங்க?"

நாத்தனார் தலையை நிமிர்த்தி அண்ணியைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அப்புறம் மறுபடியும் குனிந்துகொண்டாள்.

"அந்தத் தட்டு இப்ப எங்க?" என்று பேராசிரியை கேட்டார்.

"அதுவும் உடைஞ்சு போச்சு மேடம்" என்றாள் ஸ்லாட் அக்கா. யார் உடைத்தது என்று சொல்லவில்லை. அவசியமும் இல்லாமல் போயிற்று. "அதையும் இவ உடைச்சிட்டுத்தான் கிளேயில ஒட்டியிருக்கா!" என்று கைடு மேசையில் தட்டினார். "எனக்கு இதுல சம்பந்தமே இல்ல சார். நம்பினேன், மோசம் போனேன்." கட்டுரையின் தலைமாட்டில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டவர், கை கழுவ ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தட்டை உடைத்தது யாரென்பதை ஒருவரும் நாத்தனாரிடம் கேட்கவில்லை. அவளும் மறுக்கவில்லை.

விசாரணையின் முடிவில் சார் ஸ்லாட் அக்காவைப் பார்த்து மனம் குளிர்ந்து பேசினார். "வெறும் கிளேயை ஓட்டி எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டிருந்தீங்களே, அதான் நம்ம லேப். அது இல்லன்னா இந்தத் தப்பு வெளிய வந்தே இருக்காது. உங்களை மாதிரி ஆளுங்கதான் இங்க வேணும்." ஆண்டு விழாவில் அவளுக்கு ஒரு பாராட்டுக் கேடயமும் கொடுத்தார்கள். அது இப்போது வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதைத் தூசி துடைத்து வைக்கிற வேலை நாத்தனாருடையது.

நாத்தனாரின் பதிவை ரத்து செய்தார்கள். வேறு கைடு யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெயரைச் சொன்னாலே "அந்தக் கிளே பொண்ணா?" என்று சிரிப்பு வந்துவிடும். மாமியார் ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். எழுந்ததும் கட்சி மாறிவிட்டார். "படிச்சுக் கிழிச்சது போதும். பட்டன் அமுக்கறான்னு சொன்னேன், அவதானே இன்னைக்குக் குடும்பத்தைத் தாங்கறா" என்று மகள் காதில் விழும்படி தினமும் சொன்னார். தெருவில் மட்டும் பழைய பழக்கத்தில் டாக்டரம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்த பிறகும் விடவில்லை. தெரிந்த பிறகுதான் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்கள்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலம் சண்டைக்குத் தயாராகத்தான் ஸ்லாட் அக்கா வீடு திரும்பினாள். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டால் சொல்வதற்கு வரும் வழியெல்லாம் பதில் கட்டிக்கொண்டு வந்தாள். நாத்தனார் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா அண்ணி? காபி போடட்டுமா?"

அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அவள் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. கட்டிவந்த பதிலெல்லாம் வீணாயிற்றே என்று ஸ்லாட் அக்காவுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலில் காபி ஆறிப்போயிருக்கிறது என்று குறை சொன்னாள். நாத்தனார் வாங்கிப் போய்ச் சுட வைத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அடுப்படி அவளுடையது.

திறந்தவெளி சாருக்குத் தப்பையும் திறந்து வைப்பதில் ஆர்வம் அதிகம். மெஷினைப் பயன்படுத்த வருகிற ஒவ்வொரு புது மாணவர் அணிக்கும் முதல் பாடமாக அந்த இரண்டு கோடுகளையும் பெரிய திரையில் போட்டுக் காட்ட வேண்டும், செய்தவரின் பெயரும் தெரிய வேண்டும், காட்ட வேண்டியது ஸ்லாட் அக்கா என்று உத்தரவு போட்டார். முதல் தடவை நாத்தனாரின் பெயர் வரும் இடத்தில் இருமினாள், தண்ணீர் குடித்தாள், பாதியில் முடித்துக்கொண்டாள். மூன்றாவது அணிக்கு இருமல் இல்லை. அப்புறம், எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று கண்டுகொண்டாள். முதலில் புதுப்பொருள் என்று கோட்டைக் காட்டி எல்லாரையும் வாய் பிளக்க வைக்க வேண்டும். கொஞ்சம் விட்டு, பையிலிருந்து கிளேயை எடுத்து மேசையில் 'தொப்' என்று வைத்து, "இதுதாம்மா அந்தப் புதுப்பொருள். கடையில பாக்கெட் பாக்கெட்டா கிடைக்கும்" என்று சொல்ல வேண்டும். ஒரு தடவைகூட அது தவறியதில்லை.

போன அணியில் ஒரு பெண் இருந்தாள். எல்லாரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கையைத் தூக்கினாள்.

"அக்கா, அவங்க இப்ப என்ன பண்றாங்க?"

"யாரு?"

"அதான்க்கா, இந்த சாம்பிள் பண்ணவங்க."

"தெரியலம்மா" என்றாள் ஸ்லாட் அக்கா. "அப்படியே போயிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் பார்க்கல."

அடுத்து சாம்பிளைத் தட்டின் மட்டத்துக்கு எப்படிச் சமமாக வைப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். புது சிலிக்கான் தட்டைப் பஞ்சில் வைத்துக் காட்டி, உடைத்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டினாள். மணி அடித்ததும் எல்லாரும் கலைந்தார்கள். மெஷின் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். காலையில் நாத்தனார் கட்டிக் கொடுத்த சாப்பாடு. கூடவே ஒரு வாழைப்பழம். டப்பாவுக்கு அடியில் மடித்த துணி, எண்ணெய் கைப்பையில் படக்கூடாது என்று அவள் தினமும் வைப்பது. ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க அண்ணி" என்றது அந்தப் பக்கம்.

"இன்னைக்கும் உப்பு கம்மி. எத்தனை தடவைதான் சொல்றது உனக்கு?"

"நாளைக்குச் சரியாப் போடறேன் அண்ணி."

போனை வைத்துவிட்டு, டப்பாவில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.